அழிறப்பரால் அழித்த அளவுகள்

சென்ற இதழில் சம்பளத் துண்டை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தோம். இந்த இதழில் மேலதிக நேர வேலை பற்றி எழுதுவதாகவும் சொல்லியிருந்தோம். அதை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. இடையில் ஒரு போஞ்சி விதை குறுக்கே வந்துவிட்டது.

இரவு வேலையில் ஒரே மேசையில் நிற்கும் தமிழர் நாங்கள் மூவர். எழுதுவது ஒருவர், கதை மூவருடையது என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். எங்களில் ஒருவரின் மகள் இங்கே ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு விஞ்ஞானப் பரிசோதனை கொடுத்திருந்தார்கள். மூன்று தட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் போஞ்சி விதை. ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குக் கொஞ்சம் உப்புத் தண்ணீர், மற்றதுக்கு இன்னும் கூடிய உப்பு. எத்தனை முளைக்கிறது என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக் கொப்பியில் எழுத வேண்டும். வெறும் தண்ணீரில் எட்டுத்தான் முளைத்தது. பிள்ளை எட்டு என்று எழுதினாள். தகப்பன் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, பச்சைத் தண்ணியில போட்டதே முளைக்கேல்லையெண்டால் ரீச்சர் என்ன நினைப்பா? பத்தெண்டு போடு" என்று சொல்லி, தானே அழிறப்பரை எடுத்து அழித்தும் விட்டார். பிள்ளை அவரைப் பார்த்து, "அப்பா, முளைக்கேல்லைத்தானே" என்றாளாம்.

அன்றிரவு வேலைக்கு வந்தவர் இதைச் சிரித்தபடி சொல்லத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அதே அழிறப்பர் வேலையில் எங்களை என்ன பாடு படுத்தியது என்பது மூவருக்கும் தெரியும்.

எங்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தோம். எங்களில் இருவர் வன்னியில் படித்தவர்கள். தொண்ணூறுகளில் அங்கே பற்றறிக்குத் தடை. ஓமின் விதியைப் பரிசோதித்துப் பார்க்கப் பற்றறிக்கு எங்கே போவது? ஆசிரியர் கரும்பலகையில் வாசிப்புகளை எழுதினார், பக்கத்தில் நேர்கோடாக வரைபையும் கீறிக் காட்டினார். நாங்கள் கட்டக் கொப்பியில் பார்த்து எழுதினோம். நாற்பது கொப்பியிலும் ஒரே வாசிப்பு, ஒரே கோடு. அவரைக் குறை சொல்ல மாட்டோம். இல்லாத பற்றறியை வைத்துக்கொண்டு அவர் கற்பித்ததே பெரிய காரியம். ஆனால் ஒன்று மனதில் பதிந்துவிட்டது: விடை முதலில், அளவு பிறகு. கோட்டில் விழாத புள்ளி என்றால் பிழையான புள்ளி.

அந்தப் படிப்போடுதான் இங்கே தொழிற்சாலைக்குள் போனோம். நாங்கள் செய்வது கார்ப் பாகம் ஒன்றுக்குப் போகும் நைலோன் மூடி. குறுக்களவு 24.00 மில்லிமீற்றர். 0.10 கூடலாம், 0.10 குறையலாம், அதற்கு மேல் ஆகாது. மணித்தியாலத்துக்கு ஒருமுறை மிசினிலிருந்து ஐந்து மூடி எடுத்து, கலிப்பரால் அளந்து, தாளில் எழுத வேண்டும். கேட்டால் சின்ன வேலை. புதிதாக வந்தவர்களுக்கு இப்படியான வேலையைத்தான் முதலில் கொடுப்பார்கள், ஆங்கிலம் அதிகம் தேவையில்லை என்று.

மிசின் சனிக்கிழமை நிற்கும். ஞாயிறு இரவு 11 மணிக்கு அதைத் தொடக்குவது எங்கள் சிவ்ற். அச்சுச் சரியாகச் சூடேறும் வரைக்கும் வரும் மூடிகள் கொஞ்சம் பெருத்து நிற்கும். நைலோன் சூடான அச்சுக்குள் ஆறுதலாக இறுகினால் நன்றாகச் சுருங்கும், குளிர்ந்த அச்சில் திடீரென்று இறுகினால் அந்தளவுக்குச் சுருங்காது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, தொடக்கத்தில் அளந்தால் 24.14, 24.17 என்று வரும் என்பது மட்டும்தான். லைனுக்குப் பொறுப்பானவர் வந்து, மிசின் இன்னும் சூடாகவில்லை, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், வேறு மூடி எடுத்து அள என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு, சரியாக வரும் மூடியைத் தேடி அளந்து அதை எழுதினோம். அளந்த ஐந்து மூடியைத்தான் எறிந்தோம். அளக்காத மற்றதெல்லாம் பெட்டிக்குள் போனது. இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஒரு தை மாதம் வாங்குகிற இடத்திலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. மூடி பொருந்தவில்லையாம். சில நாட்களில் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டினார்கள். மூன்று தூண். பகல் 3, மாலை 4, இரவு 29. இரவுக்கு மட்டும் சிவப்பு நிறம். பார்த்தவர்களெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கிழமை எங்கள் மூவரில் மூத்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவது. ஐம்பது கடந்தவர், மூன்று பிள்ளைகள், ஊரில் தாயாருக்கும் இங்கிருந்துதான் காசு போகிறது. இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. அண்ணைக்கு வாசித்து விளங்கப்படுத்தியதும் நாங்கள்தான்.

சரி, எங்கள் தாள்களைக் காட்டி நியாயம் கேட்போம் என்று கட்டை எடுத்துப் புரட்டினோம். எல்லாம் 24.02, 24.05, 23.98. ஞாயிறு இரவும் அப்படித்தான், திங்கள் இரவும் அப்படித்தான். ஒரு கெட்ட அளவுகூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவர்கள் நாங்களேதான், அதுவும் எங்களுக்கு எதிராக. உண்மையை எழுதியிருந்தால், அச்சு சூடாக முன்னர் வரும் மூடிதான் பெருக்கிறது, ஆளில் பிழையில்லை என்று தாளே சொல்லியிருக்கும்.

அண்ணை ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கு எழுதியவர். அன்றைக்கு அவர் சொன்னது: "சங்கத்தில ஒரு இலக்கம் பிழைச்சால் அழிக்க விடமாட்டினம். மேல ஒரு கோடு கீறி, பக்கத்தில சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்கவேணும். அங்க செய்த நான் இங்க ஏன் அழிச்சனான்?" அன்றோடு பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தோம்.

நான்கு கிழமை எழுதினோம். அளந்த எல்லாவற்றையும் எழுதினோம், நல்லதும் கெட்டதும். நேரம், அச்சின் சூடு, எந்தக் கலிப்பர், யார் அளந்தது, எல்லாம். மிசினிலிருந்து விழுந்த சூட்டோடு அளந்தால் ஒரு அளவு, ஆறிய பிறகு அளந்தால் இன்னொரு அளவு என்பதால், ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம் ஆறவிட்டு அளந்தோம். முன்னர் அவசரத்தில் சில நாள் சூட்டோடும் சில நாள் ஆறியும் அளந்திருக்கிறோம். அப்படி எடுத்த இரண்டு அளவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என்ன பயன்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது நன்றாகக் கொதித்துப் புரண்ட பானைக்குச் சரி. அடிப்பிடித்த பானையில் மேற்சோற்றைப் பார்த்துவிட்டுப் பதம் சொல்ல முடியாது. எங்கள் பானை ஞாயிறு இரவில்தான் அடிப்பிடித்தது.

இரவில் அளந்த மூடி நான்கு கிழமையிலும் 800. அளவு தாண்டியது 38. அந்த 38 இல் 33, ஞாயிறு இரவின் முதல் இரண்டு மணித்தியாலத்தில் அளந்த 40 இலிருந்து வந்தவை. மீதி 760 இல் 5 தான் கெட்டது. சுவரில் ஒட்டிய படத்தில் இது எதுவும் இல்லை. கெட்ட மூடியை மட்டும் எண்ணி, சிவ்ற்றின் பெயரை எழுதித் தூண் கட்டியிருந்தார்கள். எத்தனைக்குள் எத்தனை, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இளவயதுப் பெண் ஒருவர் இருக்கிறார். தாள்களை அவரிடம் கொடுத்தோம். அவர் அங்கேயே வரைபுத்தாளை எடுத்து, கீழே நேரத்தையும் பக்கத்தில் அளவையும் போட்டு, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு புள்ளி வைத்தார். நல்ல மூடிக்கும் புள்ளி. ஞாயிறு இரவின் புள்ளிகள் மேலே தொடங்கி, இரண்டு மணித்தியாலத்தில் மெல்ல மெல்ல இறங்கி நடுவுக்கு வந்து நின்றன. அதைப் பார்க்க ஆங்கிலம் தேவையில்லை. அப்போது அவர், "சலஞ்சர் கதை தெரியுமா?" என்று கேட்டார். விண்ணோடம் வெடித்தது தெரியும், மற்றது தெரியாது என்றோம். அவர் சொன்னதைக் கேட்டுப் பிறகு நூலகத்திலும் தேடி வாசித்தோம்.

1986 தை 28 அன்று அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து புறப்பட்ட சலஞ்சர் விண்ணோடம் 73 செக்கனில் சிதைந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்ரா மக்கோலிஃப் என்ற பள்ளிக்கூட ஆசிரியை. பக்கத்தில் பொருத்தும் பெரிய ரொக்கற்றைத் துண்டு துண்டாகச் செய்து மூட்டுவார்கள். அந்த மூட்டு ஒவ்வொன்றிலும் எரிவாயு வெளியே வராமல் அடைக்க இரண்டு றப்பர் வளையங்கள் இருக்கும். எங்கள் மூடியைப் போல மலிவான சாமான்தான். குளிரில் றப்பர் விறைத்து, விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் விட்டது.

இது முதல் நாள் இரவே பேசப்பட்ட விடயம். ரொக்கற்றைச் செய்த மோர்ட்டன் தயோக்கோல் நிறுவனத்தின் பொறியியலாளர்கள், ரொஜர் போஜொலே போன்றவர்கள், நாளைக்குக் குளிர் அதிகம், விட வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். கையில் பழைய பறப்புகளின் அளவுகள் இருந்தன. ஆனால் அவர்கள் பார்த்தது வளையம் சேதப்பட்ட பறப்புகளைத்தான். அதுவரை பறந்தது 24 தடவை, அவற்றில் ஏழில் சேதம். மிகக் குளிரான பறப்பு 1985 தையில், பாரன்ஹைற்றில் 53 பாகை, நமது செல்சியசில் ஏறத்தாழ 12. அதில் சேதம் மோசம். ஆனால் 75 பாகையில், அதாவது 24 செல்சியசில் பறந்ததிலும் சேதம் இருந்தது. அப்படியென்றால் குளிரிலும் சேதம், சூட்டிலும் சேதம். பிறகு குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? எதிர்ப்பக்கத்துக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது.

சேதமில்லாத பறப்புகளையும் அதே படத்தில் போட்டிருந்தால் கதை வேறு. விபத்தை விசாரித்த ஆணைக்குழு பிறகு அதைப் போட்டுக் காட்டியது. சேதமில்லாத பறப்பு ஒவ்வொன்றும் 66 பாகையிலோ அதற்கு மேலோ பறந்தது. 65 பாகைக்குக் கீழே பறந்தவை நான்கு, நான்கிலும் சேதம். அதற்கு மேலே பறந்த அத்தனையிலும் மூன்றில் மட்டும் சேதம். இதைச் சொல்லக் கணிதம் வேண்டுமா? கட்டக் கொப்பியில் எங்கள் பிள்ளையே புள்ளி வைத்துக் காட்டிவிடுவாள். விபத்து நடந்த அன்று காலை அங்கே 36 பாகை, செல்சியசில் 2. புள்ளி வைத்த தாளில் அந்த இடம் எல்லாப் புள்ளிகளையும் விட்டுத் தூரத்தில், ஒருவரும் போய்ப் பார்க்காத வெறும் இடத்தில் இருக்கும்.

ஆனால் வரைபுதான் ஏழு பேரையும் கொன்றது என்று எழுதினால் அது பொறியியலாளர்களுக்குச் செய்யும் அநியாயம். 53 பாகைக்குக் கீழே விட வேண்டாம் என்று அவர்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் நெருக்க, நிறுவனத்தின் மேலாளர்கள் அந்த முடிவை மாற்றினார்கள். ஆபத்து என்று நிரூபி என்று கேட்டார்களே தவிர, ஆபத்தில்லை என்று நிரூபிக்க ஒருவரும் கேட்கப்படவில்லை. தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்களுக்கு இந்தக் குரல் நல்ல பழக்கம். இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் முழுப் படமும் மேசையில் இருந்திருந்தால், இல்லை என்று சொல்வது எல்லோருக்கும் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். அதே ஆணைக்குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் பெயின்மன் பிறகு ஒரு கூட்டத்தில், அந்த றப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் இறுக்கி ஐஸ் தண்ணீருக்குள் விட்டு எடுத்து, அது பழைய நிலைக்கு உடனே திரும்பாமல் நிற்பதை எல்லோருக்கும் காட்டினார். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு பரிசோதனை. விமானம் போன பிறகு செய்தது என்பதுதான் துக்கம்.

பல தொழிற்சாலைகளில் மிசினுக்குப் பக்கத்தில் நடுவில் ஒரு கோடும், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக உள்ள தாள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது 1924 இல் வால்ரர் ஷூவாட் என்பவர் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் இருந்தபோது கண்டுபிடித்த முறை. மேலேயும் கீழேயும் உள்ள கோடுகள் வாங்குபவர் கேட்ட எல்லை அல்ல. மிசின் ஒழுங்காக ஓடும்போது அதன் அளவுகள் இயல்பாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று கணக்கிட்டுப் போட்டவை. அதற்குள் ஏறி இறங்கினால் மிசினைத் தொடத் தேவையில்லை. சிலர் ஒவ்வொரு புள்ளிக்கும் பயந்து மிசினைத் திருகித் திருகியே அதைக் கெடுப்பார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போனால், அல்லது நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளி விழுந்தால், ஏதோ மாறிவிட்டது, தேடிப் பார் என்று பொருள். அந்தத் தாளில் நாமே நல்ல அளவாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டால் கோடுகளே பொய்யாகிவிடும்.

எங்கள் கதைக்கு வருவோம். அந்தப் பெண் வரைபைக் கொண்டுபோய் மேலே காட்டினார். இப்போது ஞாயிறு இரவு அச்சை முன்னதாகவே சூடேற்றுகிறார்கள். முதலில் வரும் மூடிகள் பெட்டிக்குப் போகாமல் நேரே சிவப்புத் தொட்டிக்குப் போகின்றன. சுவரில் இருந்த படத்தை ஒருநாள் காணவில்லை. யார் கழற்றியது என்றும் தெரியவில்லை, ஏன் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. அண்ணையின் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அவருடைய கோவையில் அப்படியே இருக்கிறது. எடுத்துவிடும்படி எழுதிக் கொடுத்தோம். பதில் வரவில்லை. வரைபின் ஒரு பிரதியை அந்தக் கடிதத்தோடு சேர்த்து வைக்கும்படி இரண்டாவது கடிதமும் கொடுத்திருக்கிறோம். அதற்கும் ஒரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது.

உங்கள் வேலைத்தலத்திலும் இப்படி ஒரு படத்தை ஒட்டி உங்களைக் காட்டினால், கோபப்பட முன்னர் எத்தனைக்குள் எத்தனை என்று கேளுங்கள். தூண் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 95 இலிருந்து தொடங்கிக் கீறினால் 96 க்குப் பக்கத்தில் 98 மூன்று மடங்கு உயரமாக நிற்கும். நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு ஒரு பிரதி கேட்டால் தரமாட்டோம் என்பார்கள். உங்கள் சொந்தக் கொப்பியில் திகதியையும் நேரத்தையும் உங்கள் அளவையும் குறித்து வைப்பதை ஒருவரும் தடுத்ததில்லை, எங்களைத் தடுக்கவில்லை.

பிள்ளையின் கொப்பி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த நாள் காலை வேலை முடிந்து போன தகப்பன், பிள்ளை பள்ளிக்கூடம் போக முன்னர் பிடித்து, பத்தின் மேல் ஒரு கோடு கீறச் சொல்லி, பக்கத்தில் எட்டு என்று பேனாவால் எழுதுவித்தார். மற்ற இரண்டு தட்டிலும் முளைத்தது ஆறும் இரண்டும். தண்ணீரிலேயே இரண்டு விதை முளைக்காது என்று தெரிந்தால்தானே, உப்பு எத்தனையைத் தடுத்தது என்று கணக்குப் பார்க்கலாம். இதை ஆசிரியை கொப்பியின் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். பிள்ளை அதை மொழிபெயர்த்துச் சொல்ல, தகப்பன் இரண்டு தரம் கேட்டாராம்.

போன ஞாயிறு இரவு முதல் ஐந்து மூடியையும் அண்ணைதான் அளந்தார். 24.13, 24.11, 24.12, 24.09, 24.10. பேனாவால் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தார். பிறகு சிவப்புத் தொட்டியை மிசினுக்குக் கிட்ட இழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.